குற்றம் சாட்டப்படாத குற்றவாளிகள்: மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பின் வழக்காடு வாழ்க்கை

கேள்வி

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து உசிலம்பட்டி, தேனி, கம்பம் பக்கத்துப் பேருந்துகள் புறப்படுகின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மதுரை மத்திய சிறை. அதை ஒட்டிய சாலைக்குப் புதுஜெயில் ரோடு என்றே பெயர். அதே வட்டாரத்தில், ரயில் நிலையத்துப் பக்கமாக, ஊரார் இன்றும் ஹார்வி மில் என்று சொல்லும் மதுரா மில். உள்ளே இருப்பவரை மனுப் போட்டுப் பார்க்க வரும் கிராமத்துப் பெண்கள் பையில் பிஸ்கட்டும் பழமுமாக இந்தப் பேருந்து நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். கள்ளர் நாட்டுக்குப் போகும் வழி, மில், ஜெயில் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பக்கத்தில் இருப்பது மதுரையின் நூறாண்டு வரலாற்றைப் பற்றிப் பலவற்றைச் சொல்கிறது. இந்த மூன்றோடும் தொழில்முறையில் உறவு கொண்டிருந்த ஒரு குற்றவியல் வழக்கறிஞர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

1887இல் செங்கன்னூரில் பிறந்து, சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் படித்து, லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் முடித்து, 1909இல் இந்தியா திரும்பியவர். சென்னையில் தொழிலைத் தொடங்கி விரைவிலேயே மதுரைக்கு மாறினார். 1938 மார்ச் 5 அன்று மதுரையிலேயே இறந்தார். இடைப்பட்ட காலத்தில் ஹோம்ரூல் இயக்கம், ரௌலட் எதிர்ப்பு, ஒத்துழையாமை, வைக்கம், மத்திய சட்டசபை என்று அவருடைய பொதுவாழ்வு நீள்கிறது. அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் இந்த வரிசையைச் சொல்கிறார்கள். வக்கீல் தொழில் அதில் ஒன்றிரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது: நல்ல வருமானம் உள்ள தொழில், நாட்டுக்காக அதைத் துறந்தார், பிறகு மீண்டும் எடுத்துக்கொண்டார்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஜோசப் தொழிலை விட்டு அரசியலுக்குப் போனாரா, அல்லது அவர் செய்த தொழிலே அவரை அரசியலில் கொண்டு நிறுத்தியதா? இரண்டாவதே சரி என்பது என் முடிவு. மதுரைச் சமவெளியில் 1910களில் ஒரு குற்றவியல் வழக்கறிஞர் நேர்மையாகத் தொழில் செய்தால், அவருடைய வாதத்திறன் செல்லுபடியாகாத ஓர் எல்லையை அவர் தொட்டே ஆக வேண்டும். அந்த எல்லையின் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம்.

இதுவரை எழுதப்பட்டவை

ஜோசப்பைப் பற்றிய பதிவுகள் மூன்று திசைகளில் பிரிந்து கிடக்கின்றன. முதலாவது, அவருடைய பேரன் ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப் எழுதி 2003இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு. மிகவும் மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் அதன் தலைப்பே அவரைக் கேரளக் கிறித்தவ தேசியவாதியாக நிறுத்துகிறது. மதுரை அந்த வரலாற்றின் களம். கேரளம் அதன் அடையாளம். இரண்டாவது, காந்தியைப் பற்றிய எழுத்துகள். அவற்றில் ஜோசப் வருவது பெரும்பாலும், வைக்கம் கோவில் தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்கான போராட்டத்துக்காக. 1924இல் அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவராக அவர் இருந்தார். அது இந்துக்கள் செய்ய வேண்டிய பரிகாரம், கிறித்தவர்கள் விலகி நிற்கட்டும் என்றார் காந்தி. ஜோசப் அதற்கு இணங்காமல் ஏப்ரலில் கைதானார். அந்தக் கருத்து வேறுபாடு முக்கியமானதுதான். ஆனால் ஒரு மனிதரின் முப்பது வருட வாழ்வை ஒரே கடிதப் போக்குவரத்தின் சாளரத்தின் வழியே பார்ப்பது போதாது.

மூன்றாவது திசை, உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் நினைவு. அங்கே அவர் ரோசாப்பூ துரை. கோட்டில் ரோஜாப்பூ வைத்திருந்தவர் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். பிள்ளைகளுக்கு ஜார்ஜ் என்றும் ரோசாப்பூ என்றும் பெயர் வைக்கும் வழக்கம் அந்தக் கிராமங்களில் உண்டு. நினைவு நாளில் மதுரையில் உள்ள அவருடைய கல்லறைக்கு மாலையோடு வருகிறார்கள். மலையாள சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களில் பெயராக வாழ்வதை விளக்க, அவர் சுதந்திரப் போராட்ட வீரர் என்று மட்டும் சொல்வது போதாது. வீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இந்த நினைவு வக்கீலைப் பற்றியது. எங்களுக்காக நின்றவர் என்பதைப் பற்றியது.

பிரமலைக் கள்ளர்களைப் பற்றிய ஆய்வுகள் தனியே வளர்ந்திருக்கின்றன. லூயி துய்மோன் 1957இல் பிரெஞ்சில் வெளியிட்ட இனவரைவியல் நூல், ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் எழுதிய மறுபரிசீலனைக் கட்டுரை, ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் செய்த களப்பணியிலிருந்து பிறந்த 2009ஆம் ஆண்டு நூல் ஆகியவை முக்கியமானவை. தமிழில் சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ இதே வரலாற்றை நாவலாக்கி 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவை, கள்ளர்கள் கூலி பெற்று ஊர்களைக் காத்த காவல் முறையையும் காலனிய அரசையும் பேசுகின்றன. நீதிமன்றக் கூண்டையும் அதன் முன்னால் நின்ற வக்கீலையும் நடுவில் வைத்துப் பேசுவதில்லை. வாழ்க்கை வரலாற்றுக்கும் இனவரைவியலுக்கும் இடையே இருக்கும் அந்த இடத்தில்தான் என் கேள்வி நிற்கிறது.

மகாலில் வாதாடுவது

அப்போது மதுரை மாவட்ட நீதிமன்றம் திருமலை நாயக்கர் மகாலில் இயங்கியது. 1970 வரை அங்கேதான் இருந்தது. பெருந்தூண்களுக்கு நடுவே கட்சிக்காரர்களும் குமாஸ்தாக்களும் காத்துக் கிடக்க, நாயக்கர் கட்டிய கூரையின் கீழ் இந்தியத் தண்டனைச் சட்டம் வாசிக்கப்பட்டது.

லண்டனில் படித்த பாரிஸ்டருக்கு உரிய இடமாக அன்று கருதப்பட்டது சென்னை உயர் நீதிமன்றம். மாவட்டத் தலைநகரங்களில் வக்கீல்களும் பிளீடர்களும் ஆண்டார்கள். அவர்களுக்கு ஊர் தெரியும், சாதி தெரியும், எந்த வாய்க்காலில் யாருக்கு முறைத் தண்ணீர் என்பது தெரியும். பாரிஸ்டர், வக்கீல் என்ற அந்தஸ்து வேறுபாடு 1926ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டத்துக்குப் பிறகே கரையத் தொடங்கியது. ஆகவே சென்னையை விட்டு மதுரைக்கு வந்த பாரிஸ்டர், ஊரின் பார்வையில் பெரிய துரை. தொழிலின் பார்வையில் ஊரைப் புதிதாகக் கற்க வேண்டியவர்.

அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி கொலை வழக்கு நேராக செஷன்ஸுக்கு வராது. முதலில் மாஜிஸ்திரேட் சாட்சிகளை விசாரித்து, வழக்கை செஷன்ஸுக்கு அனுப்புவார். அங்கே அதே சாட்சிகள் மீண்டும் கூண்டேறுவார்கள். மாவட்டங்களில் கொலை வழக்கைக் கேட்க நீதிபதியோடு அசெசர்கள் அமர்வார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம், நீதிபதி அதை ஏற்க வேண்டியதில்லை. தூக்குத் தண்டனை விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்கு ஆயுதங்கள் இந்த அடுக்குகளுக்கு இடையில்தான் கிடைத்தன. மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதற்கும் செஷன்ஸில் சொல்வதற்கும் உள்ள முரண். முதல் தகவல் எத்தனை மணிக்கு ஸ்டேஷனில் எழுதப்பட்டது, எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது, நடுவில் போன நேரத்தில் யார் யார் பெயர் சேர்ந்தது என்ற கேள்வி. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அந்தக் கதவை 27ஆம் பிரிவு பாதி திறந்துவிடுவதால், அடைப்புக்குள் இருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் அரிவாளுக்கு மகஜரில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்ற விசாரணை. மதுரைச் சமவெளியில் கொலைகள் வரப்பு, தண்ணீர், மாடு, கோவில் முதல் மரியாதை என்று தெரிந்த காரணங்களில் முளைத்தன. சாட்சிகள் எல்லாருமே யாரோ ஒருவருக்குப் பங்காளி அல்லது பகையாளி. நல்ல குறுக்கு விசாரணை ஊரின் உறவு வரைபடத்தையே நீதிபதி முன் விரித்துக் காட்டும்.

இந்தக் கலை முழுவதும் ஓர் அடிப்படையின் மேல் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்தார் என்று அரசு சொல்ல வேண்டும். சொன்னதை நிரூபிக்க வேண்டும். அவர் எப்படிப்பட்டவர், அவருடைய சாதிக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அந்த வழக்குக்குத் தேவையில்லை. கெட்ட நடத்தை உள்ளவர் என்பது குற்ற வழக்கில் பொருந்தாச் சாட்சியம் என்று சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவே கூறுகிறது. நற்சாட்சி கொண்டுவந்து குற்றம் சாட்டப்பட்டவரே அந்தப் பேச்சைத் தொடங்கினால்தான் மறுபக்கம் அதைத் தொடலாம்.

ரேகைச் சட்டம்

சாட்சியச் சட்டம் 1872இல் வந்தது. முதல் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. இரண்டுமே ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வைசிராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்த காலத்தவை. தனி மனிதரின் நடத்தையைக்கூட வழக்கில் நுழைய விடாத சட்டத்தையும், ஒரு கூட்டத்தையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பதியச் சொல்லும் சட்டத்தையும் ஓராண்டு இடைவெளியில் ஒரே அவை இயற்றியது. காலனியச் சட்டத்தின் இந்த இரட்டை நிலையைப் புரிந்துகொள்ளாமல் ஜோசப்பின் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது.

சென்னை மாகாணத்துக்கு அந்த முறை 1911ஆம் ஆண்டின் திருத்திய சட்டத்தோடு வந்தது. ஜோசப் மதுரையில் தொழில் தொடங்கிய அதே காலம். ஒரு குலமோ கூட்டமோ வகுப்போ ஜாமீனில் விட முடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்வதாக நம்பக் காரணம் இருந்தால், அரசு ஓர் அறிவிக்கையால் அதைக் குற்றப் பரம்பரை என்று அறிவிக்கலாம். பிறகு பதிவேடு, விரல் ரேகை, போலீஸில் ஆஜர். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் 1914இல் இதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். 1918இல் பிரமலைக் கள்ளர் முழுமைக்கும் அது விரிந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள்.

அந்தச் சட்டம் அன்றாடத்தில் என்ன செய்தது? பதிவேட்டில் பெயர் ஏறிய ஆண், இரவானால் ஸ்டேஷனிலோ அதற்கென்று குறித்த இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வேண்டும். சீட்டில் எந்த ஊர், எத்தனை நாள் என்று இருக்கும். போன ஊர் அதிகாரியிடம் காட்ட வேண்டும். மானாவாரிக் காட்டையும் கிணற்றையும் நம்பிய விவசாயிக்கு இது என்ன பொருள் தரும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கமலை கட்டுவது கோழி கூப்பிடும் நேரத்தில். களத்தில் தூற்றாமல் கிடக்கும் தானியத்துக்கு ராத்திரிக் காவல் வேண்டும். பொஞ்சாதிக்கு நோவு எடுத்தால் மருத்துவச்சியைக் கூப்பிட ஆள் வேண்டும். அந்த நேரத்தில்தான் வீட்டு ஆம்பளை ஸ்டேஷன் திண்ணையில் கிடந்தான். இந்த மனிதர் மேல் எந்த வழக்கும் இல்லை.

வக்கீலின் பக்கமிருந்து இதைப் பாருங்கள். குற்றச்சாட்டு இல்லை, ஆகவே மறுக்க ஒன்றும் இல்லை. சாட்சி இல்லை, ஆகவே குறுக்கு விசாரணை இல்லை. பதிவு செய்தது நிர்வாக அதிகாரி, ஆகவே நீதிமன்றத்தில் மேல்முறையீடு இல்லை. போதாததற்கு, 1924இல் சட்டத்தைத் தொகுத்தபோது, அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்ற பிரிவும் அதில் தெளிவாக இருந்தது. சாதாரண நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவிலே, கெட்ட நடத்தைக்கு ஜாமீன் கேட்கும் வழக்கிலாவது, ஊர்ப் பேச்சே சாட்சியமாக ஏற்கப்பட்டாலும், அந்த ஊர்ப் பேச்சைக் கொண்டுவந்தவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். நல்லவர் என்று சொல்ல நாலு பெரிய மனிதர்களை அழைத்து வரலாம். ரேகைச் சட்டத்தில் அதுவும் இல்லை.

வழக்கென்று ஒன்று வரும்போதும் தராசு முன்பே சாய்ந்திருந்தது. பதிவு பெற்ற ஒருவர் அட்டவணைக் குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை, மூன்றாம் முறை என்றால் ஆயுள் நாடுகடத்தல். தீர்ப்பில் சிறப்புக் காரணம் எழுதினால்தான் நீதிபதி அதைக் குறைக்கலாம். சந்தேகத்துக்குரிய சூழ்நிலையில் காணப்பட்டார், திருடப் போகிறார் என்று நீதிமன்றம் நம்பினால் மூன்றாண்டு வரை தண்டனை. வக்கீலுக்கு எஞ்சியது அந்தச் ‘சிறப்புக் காரணம்’ என்ற சின்ன இடைவெளி. உண்மையைச் சோதித்து அறியும் இடமாக இருந்த நீதிமன்றம், இரக்கம் கேட்டு நிற்கும் இடமாகச் சுருங்கியது.

இங்கேதான் ஜோசப்பின் வாழ்க்கை திரும்பியதாக நான் கருதுகிறேன். கள்ளர்களுக்காக அவர் நீதிமன்றத்தில் நின்றார். கூடவே ‘தி இந்து’விலும் ‘சவுத் இந்தியன் மெயில்’ இதழிலும் இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார். இந்த எழுத்துகளை வாழ்க்கை வரலாற்று மரபு அவருடைய ‘சமூகப் பணி’ என்ற தலைப்பில் வைக்கிறது. அவை வக்கீல் வேலையின் நீட்சி என்பதே சரியான வாசிப்பு. கேள்வி கேட்கக் கூடாது என்று நீதிமன்றத்தைச் சட்டம் தடுத்திருக்கும்போது, அறிவிக்கையை விசாரிக்கக்கூடிய மன்றங்களாகப் பத்திரிகையும் சட்டசபையும் தெருவும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரை அங்கே அழைத்துப் போகிறார்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் என்ற கள்ளர் கிராமத்தில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்ததாக நினைவுகூரப்படுகிறது. அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண், குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர். அந்த ஊரில் இன்று நினைவுத்தூண் நிற்கிறது. பெருங்காமநல்லூர்க்காரர்கள் எந்தத் தலைவரும் சொல்லி மறுக்கவில்லை. ஜோசப்பின் புகழைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. வக்கீலின் எழுத்துக்குக் காத்திராமல் கட்சிக்காரர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே வைத்தார்கள்.

மில், மேடை, பகிஷ்காரம்

ஹார்வி மில் விஷயம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1918 வாக்கில் மதுரையில் முதல் மில் தொழிலாளர் சங்கம் எழுவதில் ஜோசப்புக்குப் பங்கு உண்டு. கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கிடைத்தன. முதலாளிகளும் அரசும் சேர்ந்து அழுத்தியதில் சங்கம் ஒடுங்கியது. அதே 1918இல் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பேசிய பேச்சுக்காக டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு கைதானார். வழக்காட ராஜகோபாலாச்சாரியார் மதுரை வந்தார். ஜோசப் உடன் நின்றார். பிற்காலத்தில் பெயர் பெற்ற மூவர் ஒரே வழக்கில் சந்தித்தது நம் சுதந்திரப் போராட்ட வரலாறு எத்தனை முறை குற்றவியல் நீதிமன்றத்தின் வழியாகச் சென்றது என்பதற்கு நல்ல சான்று.

கடினமான பகுதி இதற்குப் பிறகு. ஒத்துழையாமையில் வக்கீல்கள் நீதிமன்றத்தைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்றார் காந்தி. மோதிலால் நேரு, சித்தரஞ்சன் தாஸ் வழியில் ஜோசப்பும் தொழிலை விட்டார். அலகாபாத் சென்று மோதிலாலின் ‘இன்டிபென்டன்ட்’ பத்திரிகையை நடத்தினார், ராஜத்துரோகக் குற்றத்தில் சிறை சென்றார், 1923இல் ‘யங் இந்தியா’வின் ஆசிரியராக இருந்தார். தேசிய வரலாறு இதைத் தியாகம் என்று எழுதுகிறது. தியாகம்தான், வருமானத்தை மட்டும் அவர் இழக்கவில்லை, மனைவி சூசன்னாவும் குழந்தைகளும் அந்த நிச்சயமின்மையைச் சுமந்தார்கள்.

ஆனால் பகிஷ்காரத்தின் விலையை இன்னொரு தரப்பும் கொடுத்தது என்பதை யாரும் எழுதியதாக நான் காணவில்லை. வங்காளத்து ஜமீன்தாரின் சொத்து வழக்கு ஒரு வருடம் தள்ளிப்போனால் ஜமீன்தார் பட்டினி கிடக்க மாட்டார். சீட்டு இல்லாமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனதற்காகப் பிடிபட்டவருக்கு வக்கீல் இல்லை என்றால், அவர் நேராகப் புதுஜெயில் ரோட்டுக்குத்தான் போக வேண்டும். பெருங்காமநல்லூர் நடந்த ஆண்டும் பகிஷ்கார அறைகூவல் எழுந்த ஆண்டும் ஒன்றே. நீதிமன்றம் அந்நியனுடையது, அதை விட்டு வெளியேறு என்ற அரசியல் தர்க்கத்துக்கும், என் கட்சிக்காரர் அதே நீதிமன்றத்தின் கூண்டில் நிற்கிறார் என்ற தொழில் தர்க்கத்துக்கும் இடையே ஜோசப் நின்றார். அவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். சில ஆண்டுகளில் வைக்கம் முடிந்து மதுரை திரும்பி, மீண்டும் கோட்டை மாட்டினார்.

திரும்பி வந்த வக்கீல்

இந்தத் திரும்புதலை விலகல் என்றும் சோர்வு என்றும் வாசிப்பவர்கள் உண்டு. வைக்கத்துக்குப் பின் காந்தியோடு விரிசல் கண்டது, பின்னாளில் கத்தோலிக்கத்துக்கு மாறியது, காங்கிரசின் மேல் விமர்சனம் வளர்ந்தது எல்லாம் அந்த வாசிப்புக்குத் துணை நிற்கின்றன. ஆனால் 1933ஆம் ஆண்டு அதை மறுக்கிறது.

விருதுநகர் அஞ்சல் நிலையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்திலும் வெடிகுண்டு வீசிய சதி வழக்கில் காமராஜர் சேர்க்கப்பட்டார். குண்டு வழக்கு என்றால் அன்று ஆயுள் முழுவதும் போய்விடக்கூடிய வழக்கு. பஞ்சாபிலும் வங்காளத்திலும் நடந்த சதி வழக்குகளின் நிழல் எல்லா நீதிமன்றங்களிலும் விழுந்திருந்தது. சதி என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. செயலைச் செய்தவர் யார் என்பதைவிட, யார் யாரோடு பழகினார்கள் என்பதை வைத்து அது ஆட்களை இழுக்கும். ரேகைச் சட்டம் பிறப்பை வைத்துச் செய்ததைச் சதி வழக்கு நட்பை வைத்துச் செய்தது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு: வழக்கு இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், அவர்களைக் கேட்கலாம். ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் காமராஜருக்காக நின்றார்கள். குற்றச்சாட்டு நிற்கவில்லை, காமராஜர் விடுபட்டார். 1918இல் ஜோசப் யாரைக் காக்க நின்றாரோ அவரே பதினைந்து ஆண்டுக்குப் பின் அவரோடு சேர்ந்து நின்றார். பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சரான ஒருவரின் அரசியல் வாழ்வு தொடக்கத்திலேயே முடிந்துவிடாமல் காத்ததில் மதுரையின் குற்றவியல் வழக்காடலுக்குப் பங்கு இருக்கிறது.

விசாரிக்க இடம் உள்ள இடத்தில் வாதத்திறன் வேலை செய்யும், இடம் இல்லாத இடத்தில் வக்கீல் வேறு மன்றத்தைத் தேட வேண்டும். ஜோசப்பின் இரண்டு வகை வழக்குகளையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகிறது. 1937இல் அவர் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். சட்டத்தை மாற்றக்கூடிய மன்றம் அது. ஆனால் சில மாதங்களே கிடைத்தன. ஐம்பது வயதில் அவர் இறந்தார். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கியது 1947இல். நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இல். அதற்காகக் களத்தில் உழைத்தவர்களில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயர் முதன்மையானது, ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்ற பொதுவுடைமையாளர்களும் உண்டு.

ஒரு மறுப்பு

இந்த வரலாற்றை ஒடுக்கப்பட்டோரும் மீட்பரும் என்ற எளிய கதையாகச் சொல்வதை எதிர்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. காவல் முறை குடியானவர்களுக்கும் பள்ளர், பறையர் குடிகளுக்கும் எப்போதும் பாதுகாப்பாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. காவல் கூலி கொடுக்காதவர் மாடு காணாமல் போகும். துப்புக் கூலி கொடுத்தால் திரும்பும். 1896இல் திண்டுக்கல் பக்கம் குடியானவர்கள் பண்டு சேர்த்துக் காவல்காரர்களுக்கு எதிராகக் கிளம்பியது, பண்டுக் கலகம் என்ற பெயரில் நூற்றாண்டு கடந்தும் நினைவில் நிற்கிறது. அரசு தந்த ‘பரம்பரைக் குற்றவாளி’ என்ற முத்திரை பொய். ஆனால் அந்த முத்திரைக்குப் பின்னால் இருந்த சமூகத்தில் மேல் கீழ் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

அந்த மேல் கீழ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, மதுரை மாவட்டத்திலேயே 1997 ஜூன் 30 அன்று நடந்த மேலவளவுக் கொலைகள் சாட்சி. தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராக வென்ற முருகேசனும் மேலும் ஐந்து பேரும், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊர் திரும்பிய பேருந்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பொ. இரத்தினம் போன்ற மதுரை வழக்கறிஞர்கள் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் இறுதி வரை போராடினார்கள். தலித் இளைஞர் கோகுல்ராஜ் 2015இல் கொல்லப்பட்ட வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தபோது அரசுத் தரப்பில் ப.பா.மோகன் வாதாடினார். முக்கியச் சாட்சியே பிறழ்ந்தபோது, திருச்செங்கோடு கோவில் கேமராப் பதிவையும் சூழ்நிலைச் சாட்சியங்களையும் கண்ணி கண்ணியாகக் கோத்து, 2022 மார்ச்சில் தண்டனை பெற்றுத்தந்தார்.

மூத்த குற்றவியல் வழக்கறிஞரின் கடமை ஜோசப் காலத்தில் கூண்டில் நிற்பவரைக் காப்பதாக இருந்தது. இவ்வழக்குகளில் கொலையுண்டவருக்காக நிற்பதாக மாறியிருக்கிறது. ஆனால் ரேகைச் சட்டத்தை எதிர்ப்பதும் மேலவளவுத் தீர்ப்பைக் கோருவதும் முரணானவை என்று நான் நினைக்கவில்லை. பிறந்த குலத்துக்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. பிறந்த குலத்துக்காக ஒருவர் தப்பவும் கூடாது. இரண்டிலும் நீதிமன்றத்திடம் கேட்கப்படுவது ஒன்றே: செயலைப் பார், செய்தவரைப் பார், சாட்சியைப் பார்.

எஞ்சியிருப்பது

சட்டம் நீங்கிய பின்னும் அதன் முறை நீங்கவில்லை. சென்னை மாகாணம் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. அது குலத்தை விட்டுத் தனி மனிதரைப் பிடித்தது என்பது முன்னேற்றம். ஆனால் ஸ்டேஷன் பதிவேடுகளில் யார் பெயர் முதலில் ஏறியது என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பழைய 110ஆம் பிரிவு 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் அதே எண்ணோடு தொடர்ந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129ஆம் பிரிவாக இருக்கிறது. ஊர்ப் பேச்சைச் சாட்சியமாக ஏற்கும் வழியும் கூடவே வந்திருக்கிறது.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலையும் இடமும் ஒதுக்குவதை அரசமைப்புக்கு விரோதம் என்றது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. சிறைக் கையேடுகளில் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல் சட்டத்தில் உள்ள பொருளிலேயே நிற்க வேண்டும், முன்பு குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டிருந்த சீர்மரபினரைக் குறிக்கும் மறைமுகச் சொல்லாக இருக்கக் கூடாது என்றது. அந்த வழக்கில் சுட்டப்பட்ட சிறைகளில் பாளையங்கோட்டையும் ஒன்று. அறிவிக்கையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதி வைத்த சட்டத்தின் மிச்சத்தை, நூறாண்டுக்குப் பின் ஒரு நீதிமன்றம் கேள்வி கேட்டிருக்கிறது.

ஜோசப் ஆய்வில் அடுத்துச் செய்ய வேண்டியது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் குற்றப் பரம்பரைச் சட்ட அரசாணைகளையும் மதுரை செஷன்ஸ் தீர்ப்புகளையும் சேர்த்து வைத்துப் படிப்பது. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, தண்டனையைக் குறைக்க நீதிபதிகள் எழுதிய ‘சிறப்புக் காரணங்கள்’ எவை, எந்த வக்கீல் நின்ற வழக்குகளில் அவை எழுதப்பட்டன, வக்கீல் இல்லாத வழக்குகளில் என்ன நடந்தது என்ற கணக்கு கிடைத்தால், உசிலம்பட்டிக் கிராமங்கள் பெயர் வைத்துக் காத்துவரும் நன்றியின் காரணத்தைத் தீர்ப்பு வாரியாகச் சொல்ல முடியும்.